கடைசிச் சுற்று

ரப்பர் ஷீட் விற்ற காசில் பாதி
பிஸ்டனுக்குப் போயிற்று.
மார்த்தாண்டத்தில் பள்ளிக்கூட கேட் அடிக்கிற றசல்தான்
ரோல் கேஜும் பற்றவைத்தான்.
முதல் பந்தயம், பதினேழாவது இடம்.
அடுத்ததில் ரேடியேட்டர் கொதித்தது.
மூன்றாவதைப் பற்றி
அஜின் இன்னும் பேசுவதில்லை.

கடைசிக்குக் கோவையில் மழை.
எல்லாரும் பிரேக்கைத் தேட, இவனுக்கோ
குலசேகரம் வளைவுகளில்
ரப்பர்ப்பால் கேனோடு பழகிய கால்.
ஒன்பதாவது, ஆறாவது, ஐந்தா—
கியர் கம்பி கையோடு வந்தது.

"சாரமில்ல மக்கா" என்றான் றசல்.
வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்புகையில் ஆரல்வாய்மொழிக் காற்று
லாரியை உலுக்கியது.
மேலே, கயிறு கட்டிய எஸ்டீமுக்குள்
பெல்ட் மாட்டி உட்கார்ந்திருந்தான் அஜின்.
ஒரு கையில் ஸ்டியரிங்,
மறுகையில் அந்தக் கம்பி.
காற்றாலைகளை ஒவ்வொன்றாக
முந்திக்கொண்டிருந்தான்.