மூடியைத் தூக்கிப் பார்

தட்டுகள் எனக்கு, பெட்டிகள் யார்க்கோவுக்கு
என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்
வாழ்நாளில் ஒரு பொத்தானும் அழுத்தியறியாத வழக்கறிஞர்.
நாற்காலிகளுக்கும் சலவை இயந்திரத்துக்கும் நடுவே
ஒரே வரி.
உரல் அங்கே, உலக்கை இங்கே.

பதினான்கு மாதமாய் என் அலமாரியில்
நூற்று எழுபது ஆட்டங்கள்
முதுகு காட்டி நிற்கின்றன.
தட்டுக்கு விலை கேட்டு அவன் எழுதினான்.
பெட்டிக்கு விலை கேட்டு நான் எழுதினேன்.
விலை மட்டும் இருவருமே சொல்லவில்லை.

ஏப்ரல். குவோபியோவில் பனி பாதி, சேறு பாதி.
ரயிலடிக்குப் பின்னால் பழம்பொருள் கூடம்:
வார வாடகை மேசைகள். விற்பவர் இருக்கமாட்டார்,
விலைச்சீட்டு இருக்கும்.
கையில் அறுபது யூரோ.
பையில் சோதித்துப் பார்க்க ஒரு தட்டு.
வீட்டில் டிவிக்குக் கீழே ஒரு முழம் இடம்.
ஆகவே ஒரே பெட்டி.
தன் காலத்துத் தட்டையும் அது படிக்கவேண்டும்,
தனக்கு மூத்ததையும் படிக்கவேண்டும்.

ஒன்பதாம் மேசையில் ஒரு கறுப்பு வீ.
கீறல் இல்லை. பதினைந்து யூரோதான்.
தானமாய் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது.
காசு கொடுப்பவள் பார்க்கலாம்.
விளிம்பெல்லாம் நகத்தால் தேடினேன்.
தூக்குவதற்கு மூடியே இல்லை.
கடைசியில் பிறந்தது இது. செலவைக் குறைக்கப்
பழைய வாயை அடைத்து அனுப்பிவிட்டார்கள்.
வைத்துவிட்டேன்.

இருபத்தேழில் ஒரு டிஎஸ் லைட்.
கீழ்த்துளையில் அட்வான்ஸ் கேட்ரிஜ் ஏறும்.
அதற்கும் முந்தைய தடித்த சாம்பல் கேட்ரிஜ்ஜை
யார் நீ என்று கேட்கும்.
கீல் வேறு முறிந்திருக்கிறது.
இதற்கு இருபது யூரோவாம்!

நூற்றுப் பன்னிரண்டாம் மேசை.
வெள்ளை வீ, மஞ்சளேறிப்போனது.
எந்தக் குழந்தையோ ஒட்டிய டைனோசரில்
வால் மட்டும் மிச்சம்.
நகம் வைத்தேன். டக்.
நான்கு துளைகள்.
நான்கு பல்லும் இருக்கிறது!
இருபத்தெட்டு யூரோ. கூடையில் கிடந்த
ஊதா கன்ட்ரோலருக்குப் பத்து.

காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில்
சோதனைக்கென்று ஒரு பழைய டப்பா டிவி.
கல்லாவிலிருந்த பிஹ்லா வந்து
மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களைச் செருகினாள்.
பத்தொன்பது வயதிருக்கும். உள்ளங்கையளவு தட்டைக் கண்டு,
"இவ்வளவு பெரிய வாய்க்குள் தொலைந்துபோகாதா?" என்றாள்.
வாய் அதை ஓரமாகக் கவ்வியது,
ஒரு கணம் யோசித்தது,
நடுவுக்கு இழுத்துக்கொண்டது.
சுழலும் சத்தம். பிறகு அந்த இசை.
கீழே எதையோ தவறவிட்டவள்போல்
நான் குனிந்துகொண்டேன்.

என் டிவியில் அந்த மூன்று துளை இல்லை.
வழியில் ஒரு மாற்றி வாங்கினேன், ஒன்பது யூரோ.
மிச்சம் பதின்மூன்று.

இரவு.
'தொடர்க' என்ற சொல் மங்கிக் கிடக்கிறது.
அழுத்தினாலும் அசையவில்லை.
அப்போதுதான் உறைத்தது.
கடைசிக் கோபுரத்து வாசல்வரை போன
அறுபத்தொரு மணிநேரம்
தட்டில் இல்லை, நினைவட்டையில் இருக்கிறது.
அட்டை அவன் பெட்டியில் செருகியபடி இருக்கிறது.
பட்டியலில் அதற்கு ஒரு வரியும் இல்லை.
வழக்கறிஞரைச் சொல்லிக் குற்றமில்லை,
படித்துப் பார்த்துத்தான் நானும் கையெழுத்திட்டேன்.

கேட்கலாம் என்று போனை எடுத்தேன்.
சார்ஜில் போட்டேன்.

'புதிய ஆட்டம்.'
பெயர் கேட்கிறது, எட்டு எழுத்துக்கு இடம்.
போனமுறை இருவர் பெயரையும்
பாதி பாதியாய் வெட்டி ஒட்டியிருந்தோம்.
இப்போது என் பெயரை முழுதாய் எழுதியும்
நான்கு கட்டம் காலி.

மூன்று நாளுக்குள் திருப்பித் தரலாம்,
ரசீதை வைத்திருங்கள் என்றாள் பிஹ்லா.
சேமிக்க அட்டை இல்லை.
அணைத்தால் எல்லாம் போய்விடும்.
நாளை ஞாயிறு.
அணைக்கவில்லை.