வெளியில் நிற்கும் பாதி

ரிமோட்டில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தேன்.
ஜெர்வினின் போலீஸ் ஜீப் வயிற்றைத் திறந்து
இரண்டு பேட்டரி எடுத்துப் போட்டேன்.
போன் கேமராவில் பிடித்துப் பார்த்தால்
அதன் நெற்றியில் ஊதாவாய் ஒரு மினுக்கு,
வெறுங்கண்ணுக்குத் தெரியாதது.
ஆக, கட்டளை போகிறது.
மேலே வெள்ளைப் பெட்டியும் பீப் என்று
கேட்டுக்கொள்கிறது.
செய்யத்தான் மாட்டேன் என்கிறது.

எம்சிபி நிமிர்ந்தே இருக்கிறது.
இறக்கி, பத்து எண்ணி, ஏற்றினேன்.
ஸ்டெபிலைசர் நூற்று எழுபதிலிருந்து
மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி
இருநூற்றுப் பத்தில் நின்றது.
பச்சை வர மூன்று நிமிடம்.
வந்தது.
சின்ன விளக்கு ஐந்து முறை சிமிட்டி நின்றது.
மறுபடி ஐந்து.

இரவு ஒன்று பத்து. கத்திரியில் ஆறாம் நாள்.
கஸ்டமர் கேரில் ஒரு பெண்
தூக்கம் கலையாத தமிழில் சொன்னாள்:
நாளை பத்திலிருந்து ஆறுக்குள் ஆள் வருவார்,
அதுவரை ஜன்னலைத் திறந்து வையுங்கள் மேடம்,
நல்ல காற்று வரட்டும்.

நல்ல காற்று.
அவளுக்கு எந்த ஊரோ.
எர்ணாவூரில் நாங்கள் ஏசி வாங்கியது
குளிருக்காக இல்லை, ஜன்னலை மூட.
ராத்திரி மேல்காற்று திரும்பினால்
மணலிப் பக்கமிருந்து ஒரு வாசனை வரும்,
அழுகின முட்டையை டீசலில் வதக்கின மாதிரி.
ஜெர்வின் இருமத் தொடங்குவான்.
பதினெட்டுத் தவணையில் பதினொன்று கட்டியாயிற்று.

எபினேசர் ஹார்பர் கேட்டுக்கு வெளியே
டிரெய்லர் வரிசையில் நாற்பதாவது வண்டி.
இன்ஜினை அணைத்துவிட்டுப் போனில் கேட்டான்:
"எத்தினி தபா சிமிட்டுது?"
"அஞ்சு."
"அப்ப உள்ள ஒண்ணுமில்ல.
வெளிய நிக்கறதுக்கு லைன் போவல.
மெயின ஆஃப் பண்ணு. ரெண்டு தபா பாரு.
டெஸ்டர் வச்சி மூணாவது தபா பாரு.
அப்பால பால்கனிக்குப் போ."

மூக்கைச் சுற்றி ஈரத் துப்பட்டா.
டார்ச்சைப் போட்டு, போனைக் கம்பியில் செருகினேன்.
நாலு ஸ்க்ரூ.
இரண்டு சுலபமாய் வந்தன.
மூன்றாவது துரு,
என் உள்ளங்கைத் தோலை எடுத்துக்கொண்டுதான் வந்தது.
நாலாவது இல்லவே இல்லை,
மாட்டியவன் போடாமலே போயிருக்கிறான்.
மூடியைத் திறந்தால்
ஒரு வயரின் நுனி கரிந்து, பச்சை பூத்து,
தொட்டதும் கையோடு வந்தது.

பகலில் கடலின் உப்பு. இரவில் மணலி.
நாங்கள் மூடிக்கொண்டு தூங்கிய ராத்திரியெல்லாம்
இது நின்று வாங்கியிருக்கிறது.
ஒரே மெஷின்தான்.
இந்தப் பாதியை
பதினொரு மாதமாக நான் திரும்பிப் பார்த்ததில்லை.

"கரிஞ்சத வெட்டு. பிளேடால சீவு.
செம்பு பளபளன்னு தெரியணும்.
முறுக்கு. இறுக்கு. இப்ப இழுத்துப் பாரு."
அவனுக்குப் பின்னால் ஹாரன்கள்,
வரிசை நகர்ந்துவிட்டது போல.
"வச்சிடறேன்" என்றான்.
வைக்கவில்லை.

உள்ளே போய் மெயினை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன்.
மறுபடி அந்த மூன்று நிமிடம்.
செய்வதற்கு ஒன்றுமில்லாதபோதுதான்
எதிர் ஜன்னல் கண்ணில் பட்டது, இரண்டு கை தூரம்.
கோட்டீஸ்வரி தரையில் படுத்தபடி
கேலண்டர் அட்டையால் குழந்தைக்கு வீசிக்கொண்டிருந்தாள்.
இவ்வளவு நேரமும்
என் டார்ச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

டக்.
விசிறி சோம்பலாய் ஒரு சுற்று,
பிறகு நிஜமாய்.
"ம்மா, வந்துச்சு!" என்று அறைக்குள்ளிருந்து ஜெர்வின்.
எங்கள் அறையின் சூடு மொத்தமும்
என் முகத்தைத் தாண்டி
எதிர் ஜன்னலுக்குள் போயிற்று.

"சரியாயிடுச்சாக்கா?"
"ம்."
"அப்பாடா" என்றாள், மனசாரத்தான்.
பிறகு எழுந்து வந்து
இந்தப் பக்கத்துக் கதவை மட்டும்
மெதுவாய்ச் சாத்தினாள்,
சத்தம் வராமல்.