நூற்றைம்பது வாட்

ஃபங்காரேயில் மூன்று நாளாக மழை.
ஹாத்தேயா ஆற்றின் பழுப்பு நீரில்
எங்கள் படகு கட்டுக்கயிற்றை
இழுத்துப் பார்க்கிறது, விடுகிறது.
மே மாதம். முதல் படகுகள் டோங்காவுக்குப் போய்விட்டன.
எங்களுக்கு இன்னும் ரேடியோ முடிவாகவில்லை.

கெரிட் ஒரு தாளை நடுவில் மடித்து
இரு பக்கமும் எழுதி வைத்திருக்கிறான்.
சாட்டிலைட் போன்:
கையில் அடங்கும், பொத்தானை அமுக்கினால் மகளின் குரல்,
காதும் காதும் வைத்த மாதிரி பேசலாம்.
நெடுந்தூர ரேடியோ:
வாய் திறந்தால் இருபது ஆம்பியர் குடிக்கும்,
ட்யூனர் தனி, செம்புப் பட்டை தனி,
பின்கயிற்றை இரண்டு இடத்தில் வெட்டி
இன்சுலேட்டர் பொருத்த வேண்டும்.
"பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் கயிறு.
அதை வெட்டியா பேச வேண்டும்?"

நியாயமான கேள்விதான்.
நான் தேநீரில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டேன்.

யெலவிச்சின் பட்டறையில் ஈயப் புகை வாடை.
பெட்டி பழையது, விற்றுப்போன ஒரு படகிலிருந்து கழற்றியது.
மூடியின் உள்பக்கம் பென்சிலில்
படகுகளின் பெயர்கள், நேரங்கள்.
சிலவற்றின் மேல் கோடு.
"மூழ்கிவிட்டார்களா?" என்றேன்.
"சேச்சே, விற்றுவிட்டார்கள்.
இவருக்கு முதுகுவலி.
இவர்கள் இருவரும் இப்போது
வேறு வேறு படகில் இருக்கிறார்கள்."

அவர் சொன்ன கணக்கு எனக்குப் பாதிதான் புரிந்தது.
அலை மேலே போகுமாம்,
வானத்தில் முட்டித் திரும்புமாம்,
விழும் இடம் ஆயிரம் மைலுக்கு அப்பால்.
நடுவே இருப்பவனுக்கு ஒன்றுமே கேட்காது.
"இங்கிருந்து பேசினால்
ஃபிஜிக்குக் கேட்கும், ஆக்லாந்துக்குக் கேட்காது."
எனக்கு என் அண்ணன் ஞாபகம் வந்தான்.
மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறான்.

மாலை ஆறு மணிக்குக் குமிழைத் திருகினார்.
மணலைச் சல்லடையில் சலிக்கும் சத்தம்.
பிறகு அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல்,
வவாவுவில் நங்கூரமிட்ட படகிலிருந்து,
ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.
பதில் வந்தது: இடம், காற்று, அலை.
அடுத்த பெயர். பதில். அடுத்தது.
"லீசலோட்டே."
சலிக்கும் மணல்.
"லீசலோட்டே, லீசலோட்டே."
யெலவிச் சூட்டுக்கோலைக் கீழே வைத்தார்.
மூன்றாம் முறையும் கூப்பிட்டாள்.

அப்போது வேறொருவன், தடித்த குரல்,
நூமேயாவில் இருந்தானாம்:
"உனக்குக் கேட்கவில்லையா? எனக்குக் கேட்கிறது.
உன்னிடமிருந்து நூறு மைலில்தான் இருக்கிறார்கள்.
தென்கிழக்குக் காற்று, பதினெட்டு.
எல்லாரும் நலம். மீன் பிடித்தார்களாம்."
"என்ன மீன்?"
"இரு, கேட்கிறேன்."

அத்தனை படகும் காத்திருந்தது,
அந்த மீனின் பெயருக்காக.
"மாஹி மாஹி. சின்னதுதானாம்."

கெரிட் தாளை எடுத்தான்,
முன்னும் பின்னும் திருப்பினான்.
இதை எழுத அதில் வரிசை இல்லை.
"ஆயிரத்து நூறா? தொள்ளாயிரத்து ஐம்பது" என்றான்.
ஆயிரத்துக்குப் படிந்தது, இன்சுலேட்டர் இரண்டும் சேர்த்து.
போனும் வாங்குவோம், பழையதாக ஒன்று;
மகளுக்கு யார் பதில் சொல்வது?
மூடியின் உள்ளே எங்கள் படகின் பெயரை எழுத
யெலவிச் பேனாவைத் தேடினார்.
"பென்சில் போதும்" என்றேன்.

திரும்பும் வழியில் அண்ணன் வீட்டு ஜன்னலில் வெளிச்சம்.
கெரிட் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.
வைப்பர் இரண்டு முறை போய் வந்தது.
"போன வாரம் இரும்புக்கடையில் பார்த்தேன்,
நன்றாகத்தான் இருக்கிறான்" என்றான்.

மடியில் பெட்டி கனத்தது.
"முட்டிவலி எப்படி இருக்கிறதாம்?"

"கேட்டுச் சொல்கிறேன்."