சரள்

வரைபடத்தில் இந்தப் பாதை பாதியில் நின்றுவிடும்.
காற்றாலைக்காரர்கள் கிரேன் போவதற்காகப் போட்டது.
ராதாபுரம் தாண்டிக் குளத்தங்கரையை ஏறி இறங்கினால்
சரள் தொடங்குகிறது.
டயருக்கு அடியில் அது பேச ஆரம்பித்ததும்
நாங்கள் வாயை மூடிக்கொள்வோம்,
பொன்னுலிங்கமும் நானும்.

ஆனி மாசத்து ஞாயிறு, ஏழேகால் மணி.
ஆரல்வாய்மொழிக் கணவாயில் புறப்பட்ட காற்று
முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது.
மிதிக்காமலே இருபத்தெட்டு.
வள்ளியூர்க் கூட்டுறவு வங்கியில்
பதினாறு வருஷமாகப் பணம் எண்ணுகிறவள் நான்,
எனக்குத் தெரியும்:
போகும்போது தருகிற காற்று
வரும்போது வட்டியோடு வாங்கும்.

ஒவ்வொரு ஆலையும் தன் நிழலைச்
செம்மண்ணில் சுற்றிச் சுற்றி இழுக்கிறது.
ஓர் இறக்கை என்னைக் குறுக்கே வெட்டிப் போகிறது,
இன்னொன்று,
இன்னொன்று.
வலிக்கவில்லை. ஒரு கணம் குளிர்கிறது, அவ்வளவுதான்.

பிறகு தேரி.
தேரியில் சைக்கிள் ஓட்டினேன் என்பவன் பொய்யன்.
கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாவைப்போல
நடத்திக்கொண்டு போகலாம்.
ஷூவுக்குள் சிவப்பு, காதுக்குள் சிவப்பு,
தண்ணீர் பாட்டிலின் வாயில் சிவப்பு.
மேலே பனைகள் ஓலையை உரசி உரசி
பெய்யாத மழையின் சத்தத்தை மட்டும் பெய்தன.

அங்கேதான் ஏறியது உடைமுள்.
டயருக்குள் ஊற்றிவைத்த பால்
கள்ளியை ஒடித்ததுபோல் வெள்ளையாகக் கசிந்து
தானே அடைத்துக்கொண்டது.
லிங்கம் கைதட்டினான்.
அடுத்த நூறடியில் உடைந்த பாட்டில்.
அதற்குப் பால் போதவில்லை.
அடைக்கிற ரப்பர் திரி
வீட்டில், ஃபிரிட்ஜ் மேல், பத்திரமாக இருந்தது.
சூயிங்கம் வைத்துப் பார்த்தான். டயர் துப்பிவிட்டது.

புகை தெரிந்த திசையில் உருட்டினோம்.
விடிலிக்குள் ஒரு பெண், என் வயசிருக்கும்,
கொதிக்கிற பதனீரை
அகப்பை ஓயாமல் கிண்டிக்கொண்டிருந்தாள்.
ஜெபக்கனி என்று பிற்பாடு தெரிந்தது.
"எங்க போறிய?"
"சும்மா."
"சும்மாவா?"
கொஞ்ச நேரம் அந்தச் சொல்லும் கொதித்தது.
"வண்டி என்ன வெல?"
எண்பத்தாறாயிரம். இருபத்துநாலு தவணையில்
ஒன்பது கட்டியிருக்கிறேன்.
"பதினெட்டாயிரம்" என்றேன்.
"பதினெட்டா! கேரியர்கூட இல்லியே.
ஸ்டாண்டும் இல்ல. கொடத்த எங்க வப்பிய?"
குடத்தை எங்கே வைப்பது என்று
கடைக்காரன் சொல்லவில்லை,
நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

சுண்ணாம்பு தடவாத கலயம் ஏதும் உண்டா என்று
லிங்கம் கண்ணால் விசாரித்தான்.
"கேசு போட்டா நீரா வருவீரு?"
பட்டை நிறையப் பதனீரைக் கையில் திணித்து
அவன் வாயை அடைத்தாள்.

பாகு இறுகி வந்தபோதுதான் எனக்குத் தோன்றியது.
பனைநாரில் ஒரு விரல் நீளம் கிழித்துப்
பாகில் முக்கிக் காயத்துக்குள் செருகி
கை சுட்டு, ஊதி, திட்டி,
மாற்றி மாற்றிப் பம்ப் அடித்தோம்.
கிண்டுவதை நிறுத்தாமலே எட்டிப் பார்த்தாள்:
"கருப்பட்டி திங்கிற சைக்கிள இன்னிக்குத்தான் பாக்கேன்."
பதனீருக்கு நாற்பது ரூபாய் வாங்கினாள்.
பாகுக்கு?
"அத வண்டிகிட்ட வாங்கிக்கிடுதேன்."

உவரிக் கடலுக்கென்று கிளம்பியது.
கடல் அங்கேயே இருக்கட்டும் என்று திரும்பினோம்.
காற்று ஒரு பைசா தள்ளுபடி செய்யவில்லை.
தாடை கைப்பிடியில் இடிக்க
மணிக்கு ஒன்பது,
எட்டு,
லிங்கத்தின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தால் பத்து.
இருபத்திரண்டு கிலோமீட்டர்.
நார் பிடித்துக்கொண்டது.

ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து
விளக்கைப் போட்டால்,
வாசல் நிலையிலிருந்து சுவரோரமாக
டைல்ஸ் கோட்டைப் பிடித்துக்கொண்டு
எறும்புகள்.
முன்சக்கரத்தில் ஏறுகிறவை ஒரு பக்கம்,
இறங்குகிறவை ஒரு பக்கம்,
யாரும் யாரிடமும் எங்கே என்று கேட்கவில்லை.

விளக்கை அணைத்துவிட்டு வந்து படுத்தேன்.
இன்னும் பதினைந்து தவணை இருக்கிறது.