நாலு அங்குலம்

ஹாஜா மைதீன் தரையில் மல்லாந்து படுத்து
வண்டிக்கு அடியில் டார்ச் அடிக்கிறார்.
பின் அச்சுக் குண்டில்
ஏழெட்டு வரப்புகளின் களிமண் காய்ந்து கிடக்கிறது.
எது எந்த ஊர் மண் என்று சொல்லட்டுமா என்கிறார்.
சொல்லிவிடுவார்.
கோட்டூர் மண் கறுப்பு, சுரண்டினால் சோப்பாய்ச் சீவி வரும்.
முத்துப்பேட்டைப் பக்கத்து மண்ணில் உப்புப் பூத்திருக்கும்.

தை மாதத்தில் எனக்கு ராத்திரி கிடையாது.
அறுப்பு மெஷின் நின்றால் போன் வரும்.
"அண்ணே, பேரிங் போச்சு" என்பான்
நடுவயலிலிருந்து ஆத்தூர்க்கார டிரைவர்.
அவன் குரலுக்குப் பின்னால் வயல்காரர் குரல்,
மழை வருது மழை வருது என்று.
சாய்ந்த கதிர் தண்ணீரில் முளைவிடும். காத்திருக்காது.
போயாக வேண்டும்.
வெல்டிங் செட், ஜாக்கி, ரெண்டு பேரிங்,
அப்புறம் தில்லைக்கண்ணு.

போன வாரம் பாமணிக் கரையிலிருந்து இறங்குகையில்
ஜீப்பின் வயிறு வரப்பில் உட்கார்ந்துவிட்டது.
நாலு சக்கரமும் சேற்றைக் கடைந்தன,
வெண்ணெய் வரவில்லை.
மெஷினைப் பார்க்கப் போனவனை
மெஷினே வந்து இழுத்துவிட்டது, மூணு சக்கரப் பல்லோடு.
ஆத்தூர்க்காரன் சிரிக்கவில்லை.
அதுதான் வலித்தது.

எனவே தூக்கப் போகிறோம். எவ்வளவு?

ரெண்டு அங்குலமென்றால், பட்டையில் ஒரு பிளேட் சேர்த்து
பழைய ஷாக்கையே ஒப்பேற்றலாம்.
காசு கம்மி, குலுக்கல் ஜாஸ்தி.
நாலென்றால் பட்டை முழு செட், நீள ஷாக், யூ போல்ட்,
பிரேக் ஓஸ் எட்டாது, அதுவும்.
ஷாஃப்ட் சரிந்து நிற்கும், கிராஸ் சீக்கிரம் தேயும்.
"ஆறுகூடப் போடலாம்.
திருவாரூர்த் தேராட்டம் நிக்கும்.
திருப்பத்துல முட்டுக்கட்டை போட ஆள் வச்சுக்கங்க."

நான் மனசுக்குள் ஊரை அளக்கிறேன்.
வரப்பு ஒன்பது. தண்ணீர் நின்றால் பதினொன்று.
மதகின் உடைந்த ஓரம் பன்னிரண்டு, அதுவும் ஒரு பக்கம்தான்.
மலை ஏறுகிறவன் வண்டியைத் தூக்கினால் ஒரு நியாயம்.
இங்கே இருப்பதில் பெரிய மேடு
ரயில் தண்டவாளக் கரை.
ஆனாலும் தட்டையான நாட்டில்
எல்லாமே அங்குலக் கணக்கில்தான் நடக்கிறது,
நெல் முழுகுவதும் முழுகாததும்,
வரப்பை வெட்டிய பங்காளியோடு
பேச்சு நிற்பதும்.

தில்லைக்கண்ணு டீ குடித்துக்கொண்டிருக்கிறான்.
சின்ன வயதில் இடதுகாலைப் போலியோ எடுத்துக்கொண்டது.
ஜீப்பில் ஏற அவனுக்கென்று ஒரு முறை உண்டு.
முதுகைக் காட்டி நின்று, கம்பியைப் பிடித்து,
உட்கார்ந்து,
பிறகு காலைக் கையால் தூக்கி உள்ளே வைப்பான்
டூல்ஸ் பெட்டியை வைக்கிற மாதிரி.
ரெண்டென்றால் நடக்கும். நாலென்றால் நடக்காது.
ஹாஜாவுக்கும் தெரியும்.
"ரெண்டே போதும் பாய். காசில்ல."

டம்ளர் கீழே வந்தது.
"போன வாரம் சேத்துல எறங்கித் தள்ளுனது யாரு? நானா?
நான் உக்காந்துல்ல இருந்தேன்.
நாலு போடுங்க பாய்."

படி வைத்தால் அந்தப் படியே வரப்பில் இடிக்கும் என்று
நான் ஆரம்பிப்பதற்குள்
சாக்பீஸால் ஷட்டரில் வரைந்துவிட்டான்.
கீலில் மடங்கும் படி,
மேலே இழுக்க ஒரு துண்டு சைக்கிள் செயின்,
மாட்ட ஒரு கொக்கி.
அளவு எழுதவில்லை.
அளவுக்கு, வண்டியோரம் போய்
முதுகைக் காட்டி நின்றான்.
ஹாஜா டேப்பை இழுத்துத் தரையில் ஊன்றினார்.

"கூலி உண்டுல்ல?" என்றான், திரும்பாமல்.

நாலு சக்கரமும் கழற்றி ஓரமாய்ச் சாத்தியாகிவிட்டது.
ஸ்டாண்டுகளின் மேல் நிற்கிறது ஜீப்,
இத்தனை உயரத்தில் அது ஒருநாளும் நின்றதில்லை.
அப்போது போன் அடித்தது.
ஆத்தூர் நம்பர்.
தெற்கே, வடுவூர்ப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.
"பாய்கிட்ட பைக் இருக்கும், கேளு" என்றான் தில்லைக்கண்ணு,
பேரிங்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு.