கரண்ட் போன நேரம்

கொறமாசமா என்று கேட்டார்கள் எல்லோரும்.
இல்லீங், முழுமாசம்.
முப்பத்தொன்பது வாரமும் உள்ளேயே இருந்துவிட்டு
ஒரு கிலோ எண்ணூற்றைம்பதில் வந்தாள்.
கோன் மூட்டை எடை குறைந்தால்
கம்பெனிக் கணக்குப்பிள்ளையோடு சண்டைக்குப் போவேன்.
அன்றைக்கு யாரோடு போவது?
பிரசவ வார்டு வாசலில்
கால் மாற்றிச் செருப்புப் போட்டு நின்றிருந்தேன்,
நர்சு சொல்லித்தான் தெரிந்தது.

தேறிவிட்டாள்.
குப்புற விழுந்தாள், நடந்தாள்,
தார்க்குச்சிப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள்.
ஒன்றே முக்கால் வயசில்
எல்லாம் வந்தது, பேச்சு வரவில்லை.
காது பார்த்தார்கள். கேட்கிறது.
நாக்கு பார்த்தார்கள். நன்றாயிருக்கிறது.
சின்னதாப் பொறந்த கொழந்தைக சிலது லேட்டாத்தான் பேசும்,
அதுக்குனு சும்மா இருந்துறாதீங்க என்று
புதன்கிழமை பல்லடத்துக்கு வரும்
ஹெப்சிபா டீச்சரிடம் அனுப்பினார்கள்.

"வீட்ல அவகூட யார் பேசுவீங்க?"
நவமணி என்னைப் பார்த்தாள்.
நான் ஃபேனைப் பார்த்தேன்.

எட்டுத் தறி, பதினாறு வருசம்.
இழை அறுந்தால் இரண்டு விரல்,
கோன் தீர்ந்தால் முழங்கை,
சோற்றுக்குக் கூப்பிட
டியூப்லைட்டை அணைத்துப் போடுவாள் நவமணி.
கல்யாணமான புதிதில்
அவள் உதட்டைப் பார்த்தே எல்லாம் படித்தேன்.
அவள் சொல்லாததையும்
சேர்த்துப் படித்திருப்பேன் போல.

"கேள்வி கேக்காதீங்க" என்றார் டீச்சர்.
"இதென்ன, அதென்னனு பரிட்சை வைக்காதீங்க.
அவ எதைப் பாக்கறாளோ அதைச் சொல்லுங்க.
சொல்லிட்டு வாயை மூடிட்டு
மனசுக்குள்ள பத்து எண்ணுங்க."
வாயை மூட எனக்குத் தெரியும் என்றேன்.
சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

வெட்கமாகத்தான் இருந்தது.
"கொசுவலை. நீலக் கொசுவலை." எண்ணினேன்.
"எருமை. எருமை சோளத்தட்டு திங்குது." எண்ணினேன்.
பக்கத்துக் காட்டுச் சென்னியப்பன்
வேலியோரம் நின்று பார்த்து
யாருமில்லாத இடத்தில் பேசுகிறேன் என்று
நவமணியிடம் விசாரித்துவிட்டுப் போனார்.
"பல்லி. பல்லி போயிருச்சு."
பத்து தாண்டும், இருபது தாண்டும்.
நாடா மாட்டப் போய்விடுவேன்.
ஒரு ராத்திரி ஷிப்டில் கத்தியே விட்டேன்,
"அப்பானு சொல்லு, சொல்லு!"
அவள் என் உதட்டைப் பார்த்தாள்.
நான் பார்ப்பது போலவே,
உதட்டை மட்டும்.

ஆடிக் காற்றுக்கு எங்கோ ஒயர் உரசி
மத்தியானம் கரண்ட் போகும்.
எட்டுத் தறியும் ஒரே அடியில் ஓய்ந்ததும்
ஊர் காதுக்குள் வரும்:
குக்கர், கோழி, பைபாஸில் லாரி.
"நின்னுருச்சு" என்பேன்.
யாரிடமும் இல்லை,
வட்டியை நினைத்துச் சொல்வது.
பயிற்சிக் கணக்கில் அதை நான் சேர்த்ததேயில்லை.

வியாழக்கிழமை அப்படித்தான் போனது.
சுவிட்சை அணைத்தேன்.
பஞ்சுத் தூசி இறங்கிக்கொண்டிருந்தது.
எதையும் சொல்லவில்லை, எதையும் எண்ணவில்லை.
கடைசித் தறியடியில்
தார்க்குச்சிப் பெட்டிக்குள் இருந்து

"ந்நுச்சு."

இரண்டு வயசு மூன்று மாசம்.
அம்மா இல்லை, அப்பா இல்லை,
கொசுவலை எருமை பல்லி எதுவும் இல்லை.
என் எரிச்சலை எடுத்துவைத்திருந்தாள்,
பல்லில்லாத இடமெல்லாம் காற்றுப் போக.

மண்டியிட்டேன்.
"ஆமா சாமி, நின்னுருச்சு. தறி நின்னுருச்சு."
ஒன்று. இரண்டு. மூன்று.
நாலில் டியூப்லைட் துடித்து எரிந்தது.
கரண்ட் வந்தாயிற்று.
ஈரக் கையோடு வாசலில் நவமணி.
தறியைக் காட்டி, கையை விரித்து,
ஏன் போடவில்லை என்று
பழைய ஜாடையில் கேட்டாள்.

"இரு" என்றேன், வாயைத் திறந்து.
"இன்னும் ஆறு இருக்குது."