மூன்று இரவு, காலை உணவு உட்பட

புவா கூர் விளிம்பில் பையைக் கொடுத்துவிட்டேன்.
கம்பியில் தொங்கும் இரும்புத் தொட்டியில்
பீர்ப் பெட்டிகள், ஒரு மூட்டை அரிசி,
பைக்குள் என் வெள்ளைச் செருப்பு,
குதிகாலில் மார்க்கரால் எழுதிய தள எண்ணோடு
(அதை ஏன் எடுத்துவந்தேனோ)
எல்லாம் எனக்கு முன்னால்
பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிட்டன.
பின்னால் நான், படிப்படியாக,
இரண்டு மணி நேரம்.
வண்டி போகாத ஊர்.
அப்படியென்றால் ஆம்புலன்ஸும் போகாது என்பது
பாதி வழியில்தான் உறைத்தது.

விடுதிப் பதிவேட்டில் தொழில் என்றொரு கட்டம்.
பதினோரு வருட இரவுப் பணி,
சேன் பியேர், நான்காம் தளம், இதயப் பிரிவு.
அவ்வளவும் எழுத இடம் போதாது.
பூக்கடை என்று எழுதினேன்.
மதாம் ஓர்த்தான்ஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.
"நல்ல தொழில். யாரும் திட்ட மாட்டார்கள்."

முதல் நாள் தூங்கினேன்.
அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.
மூன்றேகாலுக்கு மட்டும் விழிப்புத் தட்டியது:
எட்டாம் எண் கட்டிலுக்கு அழுத்தம் பார்க்கும் நேரம்.
இருட்டில் ஆறு மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது,
இயந்திரம் இல்லாமல்,
யாரும் குறித்துவைக்காமல்.
மறுபக்கம் திரும்பிப் படுத்தேன்.

இங்கே ஆற்றின் கிளையைக் கை என்கிறார்கள்.
பாறைமேல் கவிழ்ந்து படுத்து
அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பச்சை, வெயில் நகர்ந்தால் நீலம்,
மேலோட்டமாகவே தெரியும் நல்ல ஓட்டம்.
பட்டை கட்ட வேண்டாம்,
விரலால் தட்டி எழுப்ப வேண்டாம்,
ஊசி குத்த வேண்டாம்.
காலை விட்டேன். குளிர்
முழங்கால்வரை ஏறி நின்றது.
அருவிக்கு மணப்பெண்ணின் முக்காடு என்று பெயராம்.
எனக்கென்னவோ
பிரித்துத் தொங்கவிட்ட கட்டுத்துணி.
பூக்கடைக்காரிக்கு அப்படித் தோன்றலாமா?

சாப்பாட்டு மேசை எல்லோருக்கும் ஒன்றுதான்.
பருப்பு, சோறு, பச்சைமிளகாய் இடித்த தக்காளி,
பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட சௌசௌ.
ஓர்த்தான்ஸ் அதை ஷூஷூ என்கிறாள்,
கணவனையும் அப்படித்தான் கூப்பிடுகிறாள், பூனையையும்.
காரைக்காலில் நாங்கள் அதைக் கூட்டு வைப்பதோடு சரி.

லியோனிலிருந்து வந்திருந்த பழைய தபால்காரர்
தயங்கித் தயங்கிக் கேட்டார்:
கல்லறையில் வைத்தால்
அதிக நாள் தாங்கும் பூ எது?
ஆந்தூரியம், பதினைந்து நாள் என்றேன், யோசிக்காமல்.
கட்டில் காலியான பிறகும்
ஜன்னலோரம் நின்றுகொண்டிருப்பது அதுதான்.
அதை அவரிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மாலை
அவரேதான் ஈரப் பாறையில் வழுக்கினார்.
தூக்கிவந்து பெஞ்சில் கிடத்தினார்கள்.
ஐஸ் என்றார் ஒருவர், ஹெலிகாப்டர் என்றார் இன்னொருவர்.
நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.
இன்னும் இரண்டு கரண்டி சாப்பிட்டேன்,
அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.
பிறகு கை போய்விட்டது, நான் பின்னால் போனேன்.
பாதத்து நாடி சரி. விரல் அசைகிறது.
எலும்பில் ஒன்றுமில்லை.
தலையணை உறையைக் கிழித்து எட்டுப்போலச் சுற்றினேன்.

"பூக்கடையில் இதெல்லாம் சொல்லித்தருவார்களா?"
"காம்பும் சுளுக்கும், மதாம்."
அவள் சிரிக்கவில்லை.
வனிலா ஊறிய ரம்மை ஊற்றினாள்,
முடித்ததும் இன்னொன்று.

ஏறும்போது பை என் தலைக்குமேல் ஆடிக்கொண்டே போனது.
நான் அறுநூறாவது படியில் உட்கார்ந்து
வாழைப்பழம் தின்றேன்.
மேலே போனதும் கைபேசிக்கு உயிர் வந்தது.
பதினேழு செய்திகள்.
செவ்வாய் இரவு வர முடியுமா, ஆளில்லை.

பதில் எழுதாமல் பையைத் திறந்தேன்.
வலது செருப்புக்குள் ஒரு சௌசௌ,
இடதுக்குள் ஒன்று,
எண் எழுதிய குதிகால்கள் இரண்டும்
மேலே பார்க்க.
அடியில், நான்காக மடித்த ரசீது.
பெயர், மூன்று இரவு, காலை உணவு உட்பட.
ரம்முக்குக் காசு போடவில்லை.
தொழில்: பூக்கடை,
அவள் கையெழுத்தில்,
அடித்தல் திருத்தல் இல்லாமல்.